விண்மீன் மண்டலத்தின் வயதைக் கணிப்பது எப்படி: நிறமாலையிலிருந்து படிப்படியாக

தொலைநோக்கி இல்லாமல், ஒரு மடிக்கணினியையும் இணையத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விண்மீன் மண்டலத்தின் வயதைக் கணிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பினாங்கிலும் செபராங் பிறையிலும் படிவம் 6 மாணவர்களோடும் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களோடும் இந்த வேலையைச் செய்துவருகிறோம். கணக்கு யாருக்கும் தடையாக இருந்ததில்லை. கூட்டல், வகுத்தல், ஒரு வரைபடம், அவ்வளவுதான். தடுக்கி விழுவதெல்லாம் வரிசையில். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். மென்பொருள் ஓர் எண்ணைத் தரும், அதை எழுதிவைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அது எதனுடைய வயது என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொரு படியும் முந்தையதன் மேல் நிற்கிறது.

1. எந்த வயது வேண்டும் என்று முதலில் எழுதிவையுங்கள்

"அண்ணே, 12 பில்லியன் வந்துருச்சு" என்று ஒரு மாணவர் திரையைத் திருப்பிக் காட்டுவார். சரி, எந்த 12 பில்லியன்? இங்கே குறைந்தது மூன்று காலங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, ஒளி நம்மை வந்தடைய எடுத்துக்கொண்ட காலம். இது மண்டலத்தின் வயதே அல்ல, நாம் பார்க்கும் படம் எவ்வளவு பழையது என்பது மட்டுமே. இரண்டாவது, அந்த மண்டலத்தில் உள்ள விண்மீன்களின் வயது. மூன்றாவது, அந்த விண்மீன்கள் எல்லாம் ஒரே மண்டலமாக எப்போது ஒன்றுசேர்ந்தன என்பது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரிய நீள்வட்ட மண்டலங்களில் விண்மீன்கள் 10 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே பிறந்திருக்கலாம். ஆனால் அவை பல சிறு மண்டலங்களில் சிதறிப் பிறந்து, பின்னால் மோதி இணைந்திருக்கலாம். நிறமாலை இரண்டாவதைத்தான் சொல்லும்.

அந்த இரண்டாவதிலும் ஒரு பிரிவு உண்டு: ஒளியால் எடைபோட்ட சராசரி வயது, நிறையால் எடைபோட்ட சராசரி வயது. சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள விண்மீன், சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாக எரிந்து சில பத்து மில்லியன் ஆண்டுகளில் தீர்ந்துவிடும். சூரியனுக்கோ ஆயுள் சுமார் 10 பில்லியன் ஆண்டுகள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் உருமிமேளம் அடிக்கும்போது பக்கத்தில் பாட்டி பாடும் காவடிச்சிந்து நம் காதில் விழுமா? மண்டலத்திலும் அதே கதைதான். நிறையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இளம் விண்மீன்கள் மற்ற எல்லாவற்றின் ஒளியையும் அமுக்கிவிடும். ஒளிவழிச் சராசரி எப்போதும் இளமைப் பக்கம் சாயும். உங்கள் குறிப்பேட்டின் முதல் வரியில் இந்த இரண்டில் எது என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த படி.

2. கையில் இருக்க வேண்டியவை

தரவுக்கு ஸ்லோன் டிஜிட்டல் வான ஆய்வு போதும். நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட்டில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கி எடுத்த லட்சக்கணக்கான நிறமாலைகள் யாரும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாகக் கிடக்கின்றன. ஸ்கைசர்வர் என்ற அதன் தளத்தில் படம், நிறமாலை, அட்டவணை மூன்றும் கிடைக்கும்.

பைதான் தெரிந்தால் நல்லது, வானியல் கணக்குகளுக்கான ஆஸ்ட்ரோபை தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் 9ஆம் படி வரை எக்செல் போதும். நிறமாலை என்பது ஒரு நிரலில் அலைநீளமும் அடுத்த நிரலில் ஒளிப்பாயமும் (அந்த அலைநீளத்தில் வந்துசேரும் ஒளியின் அளவு) உள்ள நீண்ட பட்டியல், வேறொன்றுமில்லை.

தனிமங்கள் ஒளியை உறிஞ்சிப் பள்ளமாகவோ உமிழ்ந்து முகடாகவோ நிறமாலையில் விடும் முக்கியக் கோடுகளின் அலைநீளப் பட்டியல் ஒன்று வேண்டும். இங்கே கவனம்: ஸ்லோன் தரவு வெற்றிட அலைநீளத்தில் இருக்கிறது. பாடநூல்களில் இருப்பது பெரும்பாலும் காற்றில் அளந்த அலைநீளம். ஹைட்ரஜன் ஆல்ஃபா காற்றில் 6562.8 ஆங்ஸ்ட்ராம், வெற்றிடத்தில் 6564.6. சின்ன வித்தியாசம்தான். ஆனால் திசைவேகக் கணக்கில் அது நொடிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பிழையாக வந்து நிற்கும்.

சொந்தத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் ஏமாற வேண்டாம். மேகமும் ஈரப்பதமும் தெருவிளக்குகளும் உள்ள ஜார்ஜ்டவுனில் ஒரு மங்கலான மண்டலத்தின் நிறமாலையை எடுப்பது நடக்கிற காரியமில்லை. பாலிக் புலாவ் பக்கம், பந்தாய் ஆச்சே கடற்கரையில் நின்றாலும் அண்டை மண்டலமான ஆந்த்ரமேடாவின் மங்கல் திட்டைத்தான் காணலாம். இன்னொரு அண்டை மண்டலமான பெரிய மெகல்லன் முகில் அங்கிருந்து அடிவானத்திலிருந்து 15 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. வயதுக் கணக்குக்குத் தரவுத்தளமே சரியான இடம்.

3. மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள், படத்தைப் பாருங்கள்

முதல் முயற்சிக்குச் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும் அளவு; தூரம் கூடக் கூட இதுவும் கூடும்) 0.05 முதல் 0.10 வரை உள்ள மண்டலமாக எடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஸ்லோனின் பழைய நிறமாலைகள் வானத்தில் 3 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) விட்டமுள்ள ஒளியிழை வழியாக எடுக்கப்பட்டவை. செம்பெயர்ச்சி 0.1இல் அந்த வட்டம் சுமார் 18,000 ஒளியாண்டு அகலத்தை மூடும். 0.05இல் 10,000 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவு. இன்னும் கிட்டே உள்ள மண்டலமானால் நடுப் புடைப்பு மட்டுமே சிக்கும். சுருள் மண்டலத்தின் நடுப்பகுதி பொதுவாக வெளிக்கரங்களைவிட முதியது. நடுவை மட்டும் அளந்துவிட்டு முழு மண்டலத்துக்கும் வயது சொல்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. வட்டம் எதை மூடுகிறது என்பதைப் படத்தின் மேல் வரைந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

படத்தில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வடிவம், நிறம், சாய்வு. சாய்வை ஏன் சொல்கிறேன் என்றால், விளிம்பு நம் பக்கம் திரும்பிய சுருள் மண்டலம் தன் தூசியாலேயே சிவந்து தெரியும். அந்தச் சிவப்புக்கும் முதுமைக்கும் சம்பந்தமில்லை. முதல் பயிற்சிக்கு அப்படிப்பட்டதைத் தவிர்த்துவிடுங்கள்.

வடிவத்தை வைத்து வரிசை கட்டாதீர்கள். ஹபிளின் இசைக்கவை வரைபடத்தில் நீள்வட்டங்கள் இடப்பக்கம், சுருள்கள் வலப்பக்கம். அதைப் பார்த்துவிட்டு நீள்வட்டம் வளர்ந்து சுருளாகும் என்று எழுதுகிறவர்கள் இன்னமும் உண்டு. அது வடிவப் பட்டியல், காலவரிசை இல்லை.

4. நிறமாலையின் தரத்தைச் சோதியுங்கள்

இது சலிப்பான படி. அதனாலேயே எல்லோரும் தாண்டுகிறார்கள். அட்டவணையின் செம்பெயர்ச்சி எச்சரிக்கை நிரலில் 0 இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த மண்டலத்தை விடுங்கள். சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 10க்குக் கீழே இருந்தாலும் விடுங்கள். 9ஆம் படியில் தனித்தனிக் கோடுகளை அளக்க 20 இருந்தால் நிம்மதி.

அப்புறம், வளிமண்டலம் விட்டுச்செல்லும் தடங்களை அடையாளம் காணுங்கள். 5577 ஆங்ஸ்ட்ராமில் கூர்மையான ஒரு முள் நிற்கும். அது நம் தலைக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிரும் ஆக்சிஜன். கழித்த பிறகும் மிச்சம் தெரியும். பல பேர் அதை மண்டலத்தின் ஆக்சிஜன் கோடு என்று எடுத்துக்கொண்டு செம்பெயர்ச்சி 0.114 என்று எழுதிவிடுகிறார்கள். வேறு வேறு மண்டலங்களுக்கு ஒரே விடை வந்தால் இதுதான் காரணம். 6870, 7600 அருகே உள்ள பள்ளங்களும் நம் வளிமண்டல ஆக்சிஜன் உறிஞ்சியவை. இவை மூன்றும் எல்லா மண்டலங்களிலும் அதே இடத்தில் இருக்கும். மண்டலத்தின் சொந்தக் கோடுகள்தான் இடம் மாறும்.

கோப்பில் உள்ள நிறமாலை பால்வெளித் தூசிக்குத் திருத்தப்படாதது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பால்வெளிப் பட்டையிலிருந்து விலகிய திசையில் உள்ள மண்டலமானால் முதல் பயிற்சியில் இந்தத் திருத்தம் பெரிதாகத் தெரியாது.

5. செம்பெயர்ச்சியை நீங்களே அளங்கள்

அட்டவணையில் விடை இருக்கிறது. இருந்தாலும் ஒரு தடவை கையால் செய்யுங்கள். கோடுகளை அடையாளம் காணக் கண் பழக வேண்டும், அந்தப் பழக்கம் 7, 8, 9ஆம் படிகளுக்குக் கட்டாயம் தேவை.

ஒரு கோட்டை மட்டும் நம்பாதீர்கள். ஒரு ஜோடியைத் தேடுங்கள். கால்சியத்தின் கே, ஹெச் என்ற இரண்டு உறிஞ்சு கோடுகள் 3935, 3970 ஆங்ஸ்ட்ராம் அருகே இரட்டைப் பள்ளமாக இருக்கும். அவை 4328, 4367 என்ற இடங்களில் தெரிந்தால், 4328ஐ 3935ஆல் வகுங்கள்: 1.100. அதிலிருந்து 1ஐக் கழித்தால் செம்பெயர்ச்சி 0.100. இப்போது சரிபாருங்கள்: ஹைட்ரஜன் ஆல்ஃபா 6564.6 பெருக்கல் 1.1, அதாவது 7221இல் இருக்க வேண்டும். அங்கே கோடு இருக்கிறதா? இருந்தால் சரி. உமிழ்வு இல்லாத முதிய மண்டலமானால் மக்னீசியத்தின் அகன்ற பள்ளம் 5175 பெருக்கல் 1.1, சுமார் 5690 அருகே கிடைக்கும்.

பிறகு முழு அலைநீள நிரலையும் 1.1ஆல் வகுத்து, நிலை அலைநீளத்துக்கு, அதாவது ஒளி அங்கிருந்து கிளம்பியபோது இருந்த அலைநீளத்துக்கு, மாற்றுங்கள். இதற்குப் பின் வரும் எல்லா அளவுகளும் இந்தப் புதிய நிரலில்தான். இதை மறந்துவிட்டு 4000 ஆங்ஸ்ட்ராமைப் பழைய நிரலில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஏதோ ஓர் எண் கிடைத்துவிடும், அதுதான் ஆபத்து.

6. பார்க்கும் படம் எவ்வளவு பழையது

செம்பெயர்ச்சியை ஓர் அண்டவியல் கணிப்பானில் இடுங்கள். நெட் ரைட் என்ற வானியலாளரின் இணையக் கணிப்பானை உலகமே பயன்படுத்துகிறது. ஆஸ்ட்ரோபையிலும் இதே வசதி உண்டு. செம்பெயர்ச்சி 0.1 என்றால் ஒளி கிளம்பி சுமார் 1.3 பில்லியன் ஆண்டுகள். 0.5 என்றால் சுமார் 5, 1 என்றால் 8க்குச் சற்றுக் குறைவு, 2 என்றால் 10க்கு மேல்.

ஹபிள் மாறிலியாக (பிரபஞ்சம் இன்று விரியும் வேகத்தைச் சொல்லும் எண்) எதை வைத்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். பிளாங்க் விண்கலத்தின் அளவீடு மெகாபார்செக்குக்கு நொடிக்கு 67.4 கிலோமீட்டர், அருகிலுள்ள விண்மீன் வெடிப்புகளை (சூப்பர்நோவா) வைத்து வரும் மதிப்பு 73 அருகே. இரண்டு பேர் வெவ்வேறு மாறிலி வைத்துவிட்டு ஒருவர் விடையை மற்றவர் தவறு என்று சொல்லிக்கொண்டிருப்பது வீண் சண்டை.

இந்தப் படி ஓர் உச்சவரம்பைத் தருகிறது. பிரபஞ்சத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டுகள். 1.3ஐக் கழித்தால் 12.5. நீங்கள் பார்க்கும் மண்டலத்தில் எந்த விண்மீனும் அந்தக் கணத்தில் 12.5 பில்லியனைவிட முதியதாக இருக்க முடியாது. இந்த எண்ணை வட்டமிட்டு வையுங்கள், 11ஆம் படியில் மென்பொருள் 14 என்று சொல்லும்போது கைகொடுக்கும்.

7. இப்போதும் விண்மீன் பிறக்கிறதா? உமிழ்வுக் கோடுகள்

வயதுக்குப் போகும் முன் இதைப் பார்க்கக் காரணம், மேலே சொன்ன மேளச்சத்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா உயரமாக எழுந்து நின்றால், சூடான பெரிய விண்மீன்கள் சுற்றியுள்ள வாயுவை அயனியாக்குகின்றன. அவை சில மில்லியன் ஆண்டுகளே வாழ்பவை. ஆகவே விண்மீன் பிறப்பு இப்போது, வானியல் கணக்கில் இந்த நிமிடம், நடக்கிறது.

ஆனால் எல்லா உமிழ்வும் பிறப்பு அல்ல. நடுவில் வாயுவை விழுங்கும் கருந்துளையும் இதே கோடுகளைத் தரும். பிரித்தறிய இரண்டு விகிதங்களை எடுங்கள்: நைட்ரஜன் 6584க்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்கும் உள்ள விகிதம், ஆக்சிஜன் 5007க்கும் ஹைட்ரஜன் பீட்டாவுக்கும் உள்ள விகிதம். 1981இல் பால்ட்வின், ஃபிலிப்ஸ், தெர்லெவிச் மூவரும் முன்வைத்த வரைபடம் இது. நைட்ரஜன் கோடு ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் உயரத்தில் 0.6 பங்கைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். வாயு வறண்ட முதிய மண்டலத்திலும் மெலிந்த உமிழ்வு உண்டு. இறக்கும் நிலையில் உள்ள சூடான முதிய விண்மீன்கள் அதைத் தருகின்றன. மெலிந்த கோட்டைக் கண்டதும் "இளமையானது" என்று எழுதிவிடாதீர்கள்.

தூசியின் அளவும் இங்கேயே கிடைக்கும். தூசி இல்லாவிட்டால் ஹைட்ரஜன் ஆல்ஃபா, பீட்டாவைப் போல் 2.86 மடங்கு வலுவாக இருக்கும். விகிதம் 4 என்று வந்தால் தூசி நீல ஒளியைத் தின்றிருக்கிறது. ஒரு பொறி: ஹைட்ரஜன் பீட்டா உமிழ்வு ஒரு உறிஞ்சு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தை நிரப்பிக் கணக்கிடாவிட்டால் பீட்டா குறைவாகவும், தூசி இருப்பதைவிட அதிகமாகவும் வரும்.

8. 4000 ஆங்ஸ்ட்ராம் முறிவை அளங்கள்

ஒரே ஓர் அளவுதான் எடுக்க நேரம் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். குளிர்ந்த விண்மீன்களின் வளிமண்டலத்தில் உள்ள உலோகங்கள் 4000க்குக் கீழ் உள்ள ஒளியை நெருக்கமாக உறிஞ்சுகின்றன. அதனால் அந்த இடத்தில் நிறமாலை ஒரு படிபோல் கீழே இறங்கும். சூடான இளம் விண்மீன்களில் அந்த உலோகங்கள் பெரும்பாலும் அயனியாகி உறிஞ்சுவதை விட்டுவிடும். படி உயரமாக இருந்தால் முதுமை, தட்டையாக இருந்தால் இளமை.

அளப்பது இப்படி: நிலை அலைநீளத்தில் 4000 முதல் 4100 வரை சராசரிப் பாயம், 3850 முதல் 3950 வரை சராசரிப் பாயம். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். ஜன்னல்கள் குறுகலாகவும் அருகருகேயும் இருப்பதால் தூசி இந்த விகிதத்தை அதிகம் கெடுக்காது. நிறத்தை மட்டும் வைத்து வயது சொல்வதைவிட இது மேல் என்பது அதனால்தான்.

இங்கேதான் கிட்டத்தட்ட எல்லோரும் சறுக்குகிறார்கள். இந்த விகிதத்தின் வரையறை, பாயத்தை அலகு அதிர்வெண்ணுக்கு எடுக்கச் சொல்கிறது. கோப்பில் இருப்பதோ அலகு அலைநீளத்துக்கான பாயம். ஒவ்வொரு புள்ளியையும் அதன் அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். சராசரிகள் 17, 12 என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வகுத்தால் 1.42. வர்க்கப் பெருக்கலுக்குப் பிறகு சுமார் 1.53. எட்டு விழுக்காடு வித்தியாசம். இளையவர், முதியவர் என்று பிரிக்க 1.5 அருகேதான் பலரும் கோடு கிழிக்கிறார்கள். ஆகவே இந்த ஒரு பெருக்கலை மறந்தால் முதிய மண்டலம் ஒன்று இளையவர் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும்.

1.2, 1.3 என்றால் ஒளியை இளம் விண்மீன்கள் ஆள்கின்றன. 1.5 தாண்டினால் ஒளிவழிச் சராசரி ஒரு பில்லியனுக்கு மேல் போய்விட்டது. 1.8, 1.9 என்றால் பல பில்லியன் ஆண்டுகளாகப் புதிய விண்மீன் சொல்லிக்கொள்ளும்படி பிறக்கவில்லை. இதைவிடத் துல்லியமாக இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள்.

உங்கள் விடையைச் சோதிக்க வழி உண்டு. மேக்ஸ் பிளாங்க், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனங்களின் குழு ஒன்று பழைய ஸ்லோன் மண்டலங்களுக்கு இதே அளவைக் கணித்து அட்டவணையாக ஸ்கைசர்வரில் வைத்திருக்கிறது. அதோடு ஒப்பிடுங்கள். எட்டு விழுக்காடு குறைந்தால் எங்கே தவறு என்று இப்போது தெரியும்.

9. ஹைட்ரஜன் டெல்டா: நடுவயதைப் பிடிக்க

முறிவு மட்டும் தெரிந்தால் இரண்டு வேறு கதைகள் ஒரே எண்ணைத் தரலாம். பல பில்லியன் ஆண்டுகள் சீராக விண்மீன் பிறப்பித்த மண்டலமும், திடீரென ஒரு வெடிப்பில் பிறப்பித்துவிட்டு நிறுத்திய மண்டலமும் 1.4 என்று நிற்கலாம். பிரிக்க ஹைட்ரஜன் டெல்டா வேண்டும்.

4102 ஆங்ஸ்ட்ராமில் உள்ள இந்த உறிஞ்சு பள்ளம், சூரியனைவிடச் சூடான ஏ வகை விண்மீன்களில் மிக ஆழமானது. அவை ஒரு பில்லியன் ஆண்டு அளவில் வாழ்பவை. பள்ளத்தின் சமான அகலம் (பள்ளம் விழுங்கிய அதே அளவு ஒளியை முழுதாக மறைக்கும் ஒரு செவ்வகப் பள்ளத்தின் அகலம்) 4, 5 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இருந்து, ஹைட்ரஜன் ஆல்ஃபா உமிழ்வும் இல்லையென்றால், கடந்த ஒரு பில்லியன் ஆண்டுக்குள் பெரிய வெடிப்பு நடந்து நின்றுபோயிருக்கிறது.

எண் போடுவதற்கு முன் கண்ணாலேயே ஒரு சோதனை செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்தது இது. கால்சிய இரட்டைப் பள்ளத்துக்குத் திரும்புங்கள். கே பள்ளம் கால்சியத்துக்கு மட்டும் சொந்தம். ஹெச் பள்ளத்தின் மேல் ஹைட்ரஜன் எப்சிலான் கோடும் வந்து விழுகிறது, இரண்டுக்கும் இடையே ஒன்றரை ஆங்ஸ்ட்ராம் அளவுதான் வித்தியாசம். முதிய மண்டலத்தில் இரண்டு பள்ளங்களும் ஏறத்தாழ ஒரே ஆழம். ஹெச் மட்டும் கே-யைவிடத் தெளிவாக ஆழமாக இருந்தால், ஏ வகை விண்மீன்கள் கணிசமாக உள்ளன. பத்து இருபது நிறமாலைகளைப் பார்த்த பிறகு இது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

10. உலோகச்செறிவு: முதுமை போல நடிப்பது

வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாமே உலோகம்தான். உலோகம் நிறைந்த விண்மீன் குளிர்ந்தும் சிவந்தும் தெரியும். முதிய விண்மீனும் அப்படியே. 1994இல் கை வொர்தி என்ற வானியலாளர் காட்டிய கணக்கு: வயதை மூன்று மடங்காக்கினால் வரும் நிறமாற்றமும், உலோகச்செறிவை இரண்டு மடங்காக்கினால் வரும் நிறமாற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. அதாவது 4 பில்லியன் வயதுள்ள உலோகம் மிகுந்த மண்டலமும் 12 பில்லியன் வயதுள்ள உலோகம் குறைந்த மண்டலமும் நிறத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு கோடுகள் வேண்டும்: வயதுக்கு அதிகம் அசையும் ஹைட்ரஜன் பீட்டா உறிஞ்சு, உலோகத்துக்கு அதிகம் அசையும் மக்னீசியம் மற்றும் இரும்பு. ஒன்றைக் கிடைமட்ட அச்சிலும் மற்றதைச் செங்குத்து அச்சிலும் வைத்து, வயதும் உலோகச்செறிவும் தெரிந்த கணினி மாதிரிகள் தரும் வலைமேல் உங்கள் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். பீட்டாவை உமிழ்வு கொஞ்சம் நிரப்பியிருந்தால் மண்டலம் இருப்பதைவிட முதியதாகத் தெரியும். 7ஆம் படியை ஒழுங்காகச் செய்யச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

புறஊதாவிலும் ஒரு மாயம் உண்டு. சில முதிய நீள்வட்ட மண்டலங்கள் புறஊதாவில் எதிர்பாராமல் பிரகாசிக்கும். ஹீலியத்தை எரிக்கும் சூடான முதிய விண்மீன்களின் வேலை அது. புறஊதா என்றாலே இளமை என்று எடுத்துக்கொண்டால் வழுக்கும்.

11. இப்போதுதான் மென்பொருள்

பிபிஎக்ஸ்எஃப், பேக்பைப்ஸ், பிராஸ்பெக்டர் போன்றவை பல வயதுள்ள மாதிரி விண்மீன் கூட்டங்களை வெவ்வேறு விகிதத்தில் கலந்து, உங்கள் நிறமாலைக்குப் பொருந்தும் கலவையைத் தேடுகின்றன. ஆரம்பத்துக்குப் பிபிஎக்ஸ்எஃப் போதும்.

ஓட்டும் முன்: உமிழ்வுக் கோடுகளை மறையுங்கள் அல்லது தனியாகப் பொருத்துங்கள். 5577 சுற்றுவட்டாரத்தை மறையுங்கள். மாதிரியின் பிரிதிறனை (அருகருகே உள்ள அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) தரவின் பிரிதிறனுக்குச் சமமாக்குங்கள், இல்லாவிட்டால் கோடுகளின் அகலம் பொய் சொல்லும். மாதிரிகளின் வயது உச்சவரம்பை 6ஆம் படியில் வட்டமிட்ட எண்ணில் நிறுத்துங்கள். எந்தத் தொடக்க நிறைப் பரவல் (பிறக்கும் விண்மீன்களில் எந்த நிறையில் எத்தனை என்ற கணக்கு), சால்பீட்டர் தந்ததா சாப்ரியே தந்ததா, என்பதையும் எழுதுங்கள். மொத்த நிறை அதைப் பொறுத்து மாறும்.

விடை வந்ததும் அதை 7, 8, 9ஆம் படிகளோடு வைத்துப் பாருங்கள். முறிவு 1.25, ஹைட்ரஜன் ஆல்ஃபா ஓங்கி நிற்கிறது, மென்பொருளோ ஒளிவழி வயது 9 பில்லியன் என்கிறது என்றால் மென்பொருள்தான் தப்பு. பெரும்பாலும் மறைக்க வேண்டியதை மறைக்காமல் விட்டிருப்பீர்கள்.

முதிய வயதில் பிழை பெரியது. 1 பில்லியனுக்கும் 2 பில்லியனுக்கும் நிறமாலை நன்றாகவே மாறும். 8க்கும் 11க்கும் ஏறக்குறைய மாறாது, ஏனென்றால் சூரியன் போன்ற விண்மீன்கள் அவ்வளவு மெதுவாகத்தான் வயதாகின்றன. ஆகவே "10.37 பில்லியன்" என்று எழுதாதீர்கள். "சுமார் 8 முதல் 12, ஒளிவழி, நடு 3 விகலை, உலோகச்செறிவு சூரியனுக்குச் சமம் என்ற அனுமானத்தில்" என்பது நேர்மையான விடை.

12. ஒரு மண்டலத்திலிருந்து பரிணாமத்துக்கு

எந்த மண்டலமும் நம் கண்முன் மாறிக்காட்டாது. ஆகவே வெவ்வேறு தூரத்தில் உள்ள பல மண்டலங்களை வெவ்வேறு காலத்துப் படங்களாக எடுத்து அடுக்குகிறார்கள். சற்றுமுன் சொன்ன பிழையையும் இந்த வழியில் தாண்டலாம். செம்பெயர்ச்சி 2இல் பிரபஞ்சத்துக்கே வயது 3.3 பில்லியன்தான். அங்குள்ள "முதிய" மண்டலத்தில் 1, 2 பில்லியன் என்ற வித்தியாசம் நன்றாகத் தெரியும். இன்று 9ஆ 11ஆ என்று பிரிக்க முடியாததை, அது இளமையாக இருந்த காலத்துக்கே போய்ப் பார்ப்பது போலத்தான் இது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்னும் பின்னால் போய், செம்பெயர்ச்சி 14ஐத் தாண்டிய மண்டலங்களின் நிறமாலையை எடுத்திருக்கிறது. பிரபஞ்சம் பிறந்து 300 மில்லியன் ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் விண்மீன் பிறப்பு செம்பெயர்ச்சி 2 அருகே, சுமார் 10 பில்லியன் ஆண்டுகளுக்கு முன், உச்சத்தில் இருந்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவே.

அடுக்கும்போது இரண்டு பொறிகள். தூரத்தில் பிரகாசமானவை மட்டுமே தெரியும். அவற்றையும் அருகிலுள்ள சாதாரண மண்டலங்களையும் ஒப்பிட்டு "பழங்காலத்தில் எல்லாம் பெரியவை" என்றால் அது தேர்வின் பிழை. எல்லா தூரத்திலும் ஒரே நிறை எல்லையை வையுங்கள். இரண்டாவது இன்னும் நுட்பமானது. இன்றைய முதிய மண்டலங்களில் சில, செம்பெயர்ச்சி 1இல் இன்னும் விண்மீன் பிறப்பித்துக்கொண்டிருந்த சுருள்களாக இருந்திருக்கும். அன்று ஏற்கெனவே முதிர்ந்திருந்தவற்றை மட்டும் முன்னோர்களாக எடுத்தால், பிந்தி முதிர்ந்தவர்களின் முன்னோர் பட்டியலிலேயே வரமாட்டார்கள். முடிவு, எல்லா முதிய மண்டலங்களும் மிகச் சீக்கிரம் முதிர்ந்தன என்று வரும்.

இதைக் கையால் செய்துபார்க்க வீட்டுப்பாடம்: செம்பெயர்ச்சி 0.05 முதல் 0.10க்குள், விண்மீன் நிறை 30 பில்லியன் சூரியன்களுக்குக் கீழே 30 மண்டலங்கள், மேலே 30 மண்டலங்கள் எடுங்கள். நிறை மதிப்பும் முன் சொன்ன குழுவின் அட்டவணைகளில் கிடைக்கும். 8ஆம் படியின் முறிவை நிறைக்கு எதிராக வரையுங்கள். சிறியவை பெரும்பாலும் கீழே, பெரியவை பெரும்பாலும் மேலே திரளும். 2003இல் காஃப்மனும் கூட்டாளிகளும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்லோன் மண்டலங்களில் கண்ட திருப்பம் ஏறத்தாழ இந்த 30 பில்லியன் அருகில்தான். உங்கள் 60 புள்ளிகளில் வரிசைக்கு ஒத்துவராமல் நிற்பவற்றைத் தனியாக எடுத்து, அவற்றுக்கு மட்டும் 3ஆம் படியிலிருந்து திரும்பச் செய்யுங்கள். பெரிய நிறையோடு கீழே நிற்பதற்கு கருந்துளையா, அண்மைய வெடிப்பா, எச்சரிக்கை நிரலைப் பார்க்காமல் விட்டதா என்று அங்கே தெரியும்.